கர்ரான்சா வழக்கு: பதினேழு ஆண்டுகள் காவலில் கிடந்த பேராயர்

1559 ஆகஸ்ட் 22. மாட்ரிட்டுக்கு வடக்கே டொர்ரெலகூனா என்ற சிற்றூர். பொழுது இன்னும் விடியவில்லை. டொலேடோ பேராயர் படுத்திருந்த அறையின் கதவை யாரோ தட்டினார்கள். உள்ளே துணைக்கு இருந்த துறவி "யார்?" என்று கேட்க, "திறங்கள், புனித மன்றம்!" என்று பதில் வந்தது.

அன்றைய ஸ்பெயினில் அந்தப் பெயரைக் கேட்டுத் திறக்காத கதவு கிடையாது. உள்ளே வந்தவர்கள் மத விசாரணை மன்றத்தின் ஆட்கள். என்னைக் கைது செய்ய உங்களுக்கு ஏது அதிகாரம் என்று பேராயர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஓர் ஆயரை விசாரிக்கும் உரிமை திருத்தந்தை ஒருவருக்கே உண்டு. வந்தவர்கள் திருத்தந்தை நான்காம் பவுலின் ஆணையை எடுத்துக் காட்டினார்கள். அந்த ஆணையைத் தந்தவர் நான்கு நாளைக்கு முன்புதான், ஆகஸ்ட் 18 அன்று, ரோமில் இறந்திருந்தார். அந்தச் சேதி அப்போது ஸ்பெயினை எட்டியிருக்க வழியே இல்லை.

பேராயரை ஊரைவிட்டுக் கொண்டுபோனபோது யாரும் தெருவுக்கு வரக்கூடாது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று வய்யடோலித் நகரத்தில் ஒரு வீட்டின் இரண்டு அறைகளில் அவரை அடைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 56. மறுபடி சுதந்திரமாகத் தெருவில் நடந்தபோது 73. அதன் பிறகு அவர் உயிரோடு இருந்தது இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம்.

இவர்தான் பர்த்தொலோமே கர்ரான்சா. ரோமுக்கு அடுத்து ஐரோப்பாவிலேயே செல்வம் மிகுந்த மறைமாவட்டத்தின் தலைவர். இந்த வழக்கை 'மதவெறிக்குப் பலியான அப்பாவி' என்ற ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் அது அவ்வளவு எளிதான கதை இல்லை. கர்ரான்சா தப்பறைக்காரரா, அதாவது திருச்சபையின் போதனைக்கு மாறான கொள்கை கொண்டவரா இல்லையா என்று பேசியதைவிட, அதை யார் தீர்மானிப்பது என்று சண்டை போட்டதில்தான் அந்தப் பதினேழு வருடத்தில் பெரும்பகுதி கரைந்தது.

வேட்டைக்காரர்

கர்ரான்சா 1503-இல் நவார்ராவில், மிராந்தா தெ அர்கா என்ற ஊரில் பிறந்தார். மூன்று வருடம் கழித்து அதே நவார்ராவில் பிறந்தவர்தான் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார். அந்த உறவு வட்டத்திலிருந்து ஒருவர் இந்த வழக்குக்குள்ளும் வருவார், அது பிறகு.

பதினேழு வயதில் கர்ரான்சா தோமினிக்கன் சபையில் சேர்ந்தார். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சாமிநாதர் சபை என்று சொல்லும் அதே சபை. வய்யடோலித்தில் சபை நடத்திய புனித கிரகோரியார் கல்லூரியில் படித்து, அங்கேயே இறையியல் பேராசிரியரானார். 1540-ஐ ஒட்டிப் பஞ்சம் வந்தபோது தன் புத்தகங்களையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, விவிலியத்தையும் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் பெருநூலையும் மட்டும் வைத்துக்கொண்டாராம். பெரிய பதவிகள் தேடி வந்தன. பெருவின் கூஸ்கோவுக்கு ஆயராகப் போகச் சொன்னார்கள், மறுத்தார். கனாரித் தீவுகளுக்குக் கேட்டார்கள், அதையும் மறுத்தார். இளவரசர் பிலிப்புக்குப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருவாக இருக்கச் சொன்னதற்கும் இல்லை என்றார்.

அது லூத்தரின் பிரிவினையால் கத்தோலிக்கத் திருச்சபை ஆட்டம் கண்டிருந்த காலம். எதிர்ச் சீர்திருத்தம் என்று பின்னால் பெயர் பெற்ற இயக்கத்துக்கு இரண்டு கை. ஒரு கை தன் வீட்டைத் தானே கூட்டிப் பெருக்கியது; மற்றது பிரிந்தவர்களைத் தேடிப் பிடித்துத் தண்டித்தது. கர்ரான்சாவிடம் இரண்டு கையும் இருந்தன.

1545-இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கத்துக்கு, பிலிப்பின் தந்தை சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் அனுப்பிய இறையியலாளர்களில் அவரும் ஒருவர். ஆயர்கள் தங்கள் மறைமாவட்டத்தில் குடியிருந்தே ஆக வேண்டும், அது கடவுளே இட்ட கட்டளை என்று வாதாடி 1547-இல் வெனிஸில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இன்று கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரே ஆள் இரண்டு மூன்று மறைமாவட்டத்தின் வருமானத்தை வாங்கிக்கொண்டு, ஊர்ப் பக்கமே தலைகாட்டாமல் அரசவையில் வாழ்ந்த காலத்தில் அது பெரிய இடத்துப் பகையைச் சம்பாதிக்கிற பேச்சு.

இது முதல் கை. இரண்டாவது கையை இங்கிலாந்து பார்த்தது. மேரி ராணியை மணக்க 1554-இல் பிலிப் அங்கே போனபோது கர்ரான்சாவும் கூடப் போனார். மூன்று வருடம் இருந்து, கர்தினால் ரெஜினால்டு போலுக்குத் துணையாக நாட்டைக் கத்தோலிக்கத்துக்குத் திருப்பும் வேலையில் இறங்கினார். பல்கலைக்கழகங்களைச் சல்லடை போட்டார்கள். கேம்பிரிட்ஜில் எப்போதோ புதைத்த சீர்திருத்தவாதி மார்ட்டின் பூட்சரின் உடலைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். கேண்டர்பரியின் முன்னாள் பேராயர் தாமஸ் கிரேன்மர் 1556 மார்ச்சில் ஆக்ஸ்போர்டில் உயிரோடு எரிக்கப்பட்டார். பின்னாளில் தன்மேலேயே வழக்கு வந்தபோது கர்ரான்சா இவற்றையெல்லாம் தன் சாதனைக் கணக்கில் எழுதினார். தப்பறையை இப்படி ஒழித்த நான் தப்பறைக்காரனா என்பது அவர் வாதம். இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு இவரைப் பரிதாபத்துக்குரியவராக மட்டும் காட்டும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை.

டொலேடோ நாற்காலியும் வல்தேஸும்

1557-இல் டொலேடோ பேராயர் சிலீசியோ இறந்தார். அரசர் பிலிப் அந்த இடத்துக்குக் கர்ரான்சாவை நியமித்தார். இந்த முறையும் அவர் மறுத்துப் பார்த்தார். அரசர் விடவில்லை. 1558 பிப்ரவரி 27 அன்று பிரஸ்ஸல்ஸில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

டொலேடோ சாதாரண இடமில்லை. ஸ்பெயின் திருச்சபையின் முதல் இருக்கை அது. வருமானம் ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கக்காசு. பெரிய குடும்பத்துப் பிள்ளைகளும் அரசவையில் ஊறியவர்களும் கண் வைத்திருந்த இடத்தில், கையில் காசில்லாத ஒரு துறவி போய் உட்கார்ந்துவிட்டார்.

கண் வைத்தவர்களில் முக்கியமானவர் பெர்னாந்தோ தெ வல்தேஸ். செவில் பேராயர், மத விசாரணை மன்றத்தின் தலைவர். பல ஆண்டுகள் செவிலில் குடியிருக்காமல் அரசவையில்தான் இருந்தார். ஆயர் ஊரில் இருக்க வேண்டும் என்று கர்ரான்சா எழுதியது அவரைக் குறி வைத்து எழுதியதில்லை என்றாலும் சரியாக அவர்மேல்தான் போய் விழுந்தது. போதாததற்கு, போர்ச்செலவுக்கு அரசர் பணம் கேட்டபோது கையை விரித்ததால் அவருடைய செல்வாக்கும் சரிந்துகொண்டிருந்தது. செவிலுக்குப் போய்ச் சேருங்கள் என்று அவரை அரசவையிலிருந்து கிளப்பும் பேச்சே எழுந்துவிட்டது.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. 1557-58-இல் செவிலிலும் வய்யடோலித்திலும் ரகசியமாகக் கூடி லூத்தரின் கருத்துகளைப் பேசிவந்த குழுக்கள் பிடிபட்டன. சிக்கியவர்கள் குருக்கள், கன்னியர், பிரபு குடும்பத்தார். யூஸ்தே மடத்தில் ஓய்வில் இருந்த ஐந்தாம் சார்லஸ் கொதித்துப்போய், ஈவு இரக்கம் பார்க்காதீர்கள் என்று மகளுக்கு எழுதினார். ஒரே இரவில் வல்தேஸ் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிட்டது. 1559 ஜனவரியில் நான்காம் பவுல் அவருக்கு இரண்டு சலுகைகள் கொடுத்தார். மன்றத்தின் செலவுக்குப் பேராலயம்தோறும் ஒரு குருவின் மானியம். இரண்டு ஆண்டுகளுக்கு ஆயர்கள்மேலும் விசாரணை நடத்தும் அதிகாரம். இரண்டாவது சலுகையில் கர்ரான்சாவின் பெயர் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

புத்தகம்

1558-இல் ஆன்ட்வெர்ப்பில் கர்ரான்சாவின் பெரிய நூல் அச்சாகி வந்தது. கிறிஸ்தவ ஞானோபதேசத்துக்கு, அதாவது அடிப்படை மறைப் போதனைக்கு விளக்கவுரை. விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளை, ஏழு தேவதிரவிய அனுமானங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருட்சடங்குகள்), அப்புறம் செபம், நோன்பு, தர்மம். இங்கிலாந்து அனுபவத்தில் உருவான நூல், அரசருக்கே காணிக்கையாக்கப்பட்டது. லூத்தர்காரர்களுக்குப் பதில் சொல்வதுதான் அதன் நோக்கம்.

சிக்கல் எங்கே வந்தது? முதலில் மொழியில். நூல் லத்தீனில் இல்லை, மக்கள் பேசிய காஸ்டிலிய (ஸ்பானிய) மொழியில் இருந்தது. படித்த குருமார்களோடு நிற்க வேண்டிய பேச்சு கடைத்தெருவுக்கு வந்துவிட்டது என்று வல்தேஸ் தரப்பு பார்த்தது. அதே காலத்தில் புகழ்பெற்ற ஆன்மிக எழுத்தாளர் லூயிஸ் தெ கிரனாதா தன் நூல்களுக்காகப் பரிந்து பேச வல்தேஸைப் போய்ப் பார்த்தார். தச்சர் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தியானம் சொல்லித்தருவதா என்பதுதான் வல்தேஸின் எரிச்சல் என்று கிரனாதா கர்ரான்சாவுக்கு எழுதினார். 1559 ஆகஸ்டில் வல்தேஸ் வெளியிட்ட தடைப் பட்டியலில் கர்ரான்சாவின் நூல், கிரனாதாவின் நூல்கள், பின்னாளில் புனிதராகப் போகிற பிரான்சிஸ் போர்ஜியாவின் பெயரில் வந்த நூல் என்று எல்லாம் இருந்தன. தாய்மொழியில் படித்துவந்த நூல்கள் பறிபோனதைப் பற்றி அவிலா தெரேசா வருந்தி எழுதியது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

இரண்டாவது சிக்கல் வாசித்த முறையில். நூலை ஆராய்ந்து குற்றம் கண்டவர்களில் முதல்வர் மெல்ச்சோர் கானோ. அவரும் தோமினிக்கன் துறவி, அவரும் திரிதெந்து போனவர், கர்ரான்சாவுக்குப் பல வருடப் போட்டியாளர். மூளையில் அவருக்கு நிகர் அன்று ஸ்பெயினில் ஒருசிலர்தான்; அதனால் அவர் கண்டித்தால் அதற்குத் தனி எடை. அவர்கள் கைக்கொண்ட விதி இது: ஆசிரியர் என்ன நினைத்து எழுதினார், முன்பக்கத்தில் என்ன சொன்னார் என்றெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, சொற்கள் கிடக்கிற கிடையிலேயே எடுத்து எடை போட வேண்டும்.

இதை நம் வழக்கில் வைத்துப் பார்க்கலாம். விருந்தாளியை வாசல்வரை வந்து "போயிட்டு வாங்க" என்று வழியனுப்புகிறோம். அதில் முதல் சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து, 'வீட்டுக்கு வந்தவரைப் போகச் சொன்னான்' என்று பதிவு செய்தால் எப்படி இருக்கும்? கிறிஸ்துவின் பாடுகளால் நமக்கு மீட்பு என்று கர்ரான்சா உருகி எழுதிய வரிகளுக்கு அதுதான் நடந்தது. அந்த வரிக்குப் பக்கத்திலேயே நற்செயல்களும் வேண்டும் என்று எழுதியிருப்பார். அது கணக்கில் வரவில்லை.

நூலோடு விட்டார்களா என்றால் இல்லை. பழைய பிரசங்கக் குறிப்புகள், மாணவர் எழுதிய பாடக்குறிப்புகள் என்று அவருடைய காகிதங்கள் அத்தனையும் அள்ளப்பட்டன. மறுத்து எழுதுவதற்காக எதிரிகளின் நூல்களிலிருந்து அவர் படியெடுத்து வைத்திருந்த பகுதிகளையும் அவர் சொந்தக் கருத்தாகவே எழுதிக்கொண்டார்கள்.

மரணப்படுக்கையில் சொன்ன ஒரு வரி

சாட்சியங்களில் இரண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1558 செப்டம்பர். ஸ்பெயின் திரும்பிய கர்ரான்சா யூஸ்தே போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் சார்லஸ் கடைசி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். கர்ரான்சா பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் உருவத்தை) உயர்த்திக் காட்டி, நம் எல்லோருக்காகவும் பொறுப்பேற்றவர் இதோ, இனிப் பாவம் இல்லை, எல்லாம் மன்னிக்கப்பட்டது என்ற பொருளில் ஆறுதல் சொன்னார். சாகிறவரிடம் சொல்லும் வார்த்தை. ஆனால் அறையில் இருந்த சிலர் முகம் சுளித்தார்கள். பாவசங்கீர்த்தனம், நற்செயல், புனிதர்களின் பரிந்துரை இவற்றுக்கெல்லாம் அப்போது என்ன வேலை? விசுவாசம் மட்டுமே போதும் என்கிற லூத்தர் வாடை இல்லையா இது? உடனே அந்த மடத்துத் துறவி வில்லால்பா முன்னால் வந்து, புனித மத்தியாஸ் திருநாளில் பிறந்தீர்கள், புனித மத்தேயு திருநாளில் இறைவனிடம் போகிறீர்கள், இரண்டு அப்போஸ்தலர்களும் துணை நிற்பார்கள் என்று சொல்லிச் சமன் செய்தார். செப்டம்பர் 21 அன்று சக்கரவர்த்தி இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய பாவசங்கீர்த்தன குருவே கர்ரான்சாவின் சொற்களைப் பற்றி மன்றத்தில் முறையிட்டுவிட்டார்.

இன்னொன்று கார்லோஸ் தெ செசோ விவகாரம். இத்தாலியப் பிரபுவான செசோ வய்யடோலித் குழுவின் தலைவர்களில் ஒருவர். 1554 வாக்கில், இறந்தவர்களின் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா என்று அவர் சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கர்ரான்சா அவரைக் கூப்பிட்டுப் பேசி, திருச்சபை நம்புவதை நம்புங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். மன்றத்தில் முறையிடவில்லை. பிடிபட்ட பிறகு செசோவும், கர்ரான்சாவிடமே படித்த தோமினிக்கன் துறவி தொமிங்கோ தெ ரோஹாஸும் பேராயரின் பெயரை இழுத்தார்கள். பெரிய மனிதர் பெயரைச் சொன்னால் தாங்கள் தப்பலாம் என்ற நப்பாசை அதில் இருந்திருக்கும். இருவரும் 1559 அக்டோபர் 8 அன்று, அரசர் முன்னிலையில் நடந்த தண்டனைச் சடங்கில் எரிக்கப்பட்டார்கள்.

என் கணிப்பில் குற்றப்பத்திரிகையில் கொஞ்சமாவது எலும்பு இருந்தது இந்த இடத்தில்தான். இங்கிலாந்தில் அவ்வளவு கடுமையாக நடந்த ஆள், தெரிந்த முகம் என்று வந்தபோது கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிட்டார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த செயல் எதுவோ அதுவே அவர்மேல் இருந்த குற்றங்களில் வலுவானது.

நீதிபதி யார்?

கைதுக்கு வருவோம். அரசர் அப்போது நெதர்லாந்தில் இருந்தார். நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை ஹுவானா, அரசர் வரப்போகிறார், ஆலோசனைக்கு வாருங்கள் என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் பேராயரை வய்யடோலித்துக்கு அழைத்தார். அழைப்பு ஒரு சாக்கு. வரும் வழியில், தன் மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே பேராயர் பிடிபட்டார்.

மன்றத்தின் நடைமுறைப்படி சாட்சிகள் யார் என்று குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சொல்ல மாட்டார்கள். தனக்கு யார் யார் பகைவர்கள் என்று அவரே யூகித்துப் பட்டியல் கொடுக்கலாம். சாட்சியின் பெயர் அதில் இருந்தால் சாட்சியம் பலவீனமாகும். கர்ரான்சா அந்தப் பட்டியலைத் தலைமை நீதிபதியிடமிருந்தே தொடங்கினார். வல்தேஸ் என் பகைவர், அவர் என்னை விசாரிக்கக் கூடாது என்றார். இதை ஆராய நியமிக்கப்பட்ட நடுவர்கள் 1560-இல் அவர் சொல்வது சரிதான் என்று தீர்ப்பளித்தார்கள். மன்றத்தின் தலைவரே வழக்கிலிருந்து விலக வேண்டியதாயிற்று.

அவர் பக்கம் வாதாடியவர் மார்த்தின் தெ அஸ்பில்குவேத்தா. நவார்ராக்காரர், திருச்சபைச் சட்டத்தில் அன்றைய ஐரோப்பாவின் பெரும்புள்ளி, சவேரியாரின் தாய்வழி உறவினர். நான் முன்பு சொன்ன ஆள் இவர்தான். அமெரிக்காவிலிருந்து தங்கமும் வெள்ளியும் வந்து குவிந்ததால் பணத்தின் மதிப்பு இறங்கி விலைவாசி ஏறுகிறது என்று 1556-லேயே எழுதியவர் என்பதால் பொருளியல் மாணவர்களுக்கும் இவர் பெயர் பழக்கம். கட்சிக்காரருக்காக வய்யடோலித்தில் தொடங்கி ரோம்வரை கூடவே போனார்.

நீதிபதியை மாற்றியதால் வழக்கு வேகம் பிடிக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். புதிய நீதிபதியை நியமிக்க ரோமிலிருந்து அதிகாரம் வர வேண்டும், அவர் தன் சார்பில் ஆள் நியமிக்க வேண்டும், அதற்கு ஆட்சேபம், அதற்குப் பதில். விசாரணை மறுபடி தொடங்கியதே 1561-இல்தான். அந்த வருடம் செப்டம்பரில் வய்யடோலித்தில் பெரும் தீ விபத்து நடந்து நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அதே ஊரில் அடைபட்டிருந்த கர்ரான்சாவுக்கு அது தெரியவே தெரியாதாம். ரோமுக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டாராம். அவ்வளவு இறுக்கமான காவல். நற்கருணையும் கிடையாது. ஒரு துறவியும் ஒரு பணியாளும் மட்டும் கூட இருந்தார்கள்.

வெளியே சண்டை பெரிதாகிக்கொண்டிருந்தது. நான்காம் பவுலின் ஆணைப்படியே இறுதித் தீர்ப்பு திருத்தந்தைக்குரியது. ஆளையும் ஆவணங்களையும் அனுப்புங்கள் என்று புதிய திருத்தந்தை நான்காம் பயஸ் கேட்டார். பிலிப் அசையவில்லை. ஸ்பெயினின் விசாரணை மன்றம் தவறு செய்ததாக வெளிநாட்டில் ஒரு தீர்ப்பு வந்தால் மன்றத்தின் மானம் என்ன ஆவது? அவர் உயர்த்திவைத்த ஆளைவிட அவருடைய மன்றம் அவருக்கு முக்கியமாகிவிட்டது.

1563-இல் திரிதெந்து சங்கத்தில் இன்னொரு கூத்து நடந்தது. தடை நூல் பட்டியலைச் சரிபார்க்க அமைந்த குழுவுக்குப் பிராக் பேராயர் ப்ரூஸ் தலைவர். குழு கர்ரான்சாவின் நூலைப் படித்துப் பார்த்து, ஜூன் 2 அன்று, தப்பில்லாத நூல் என்று ஒப்புதல் கொடுத்தது. ஸ்பானியத் தூதர் லூனா பிரபு கொதித்தெழுந்தார். லெரிதா ஆயர் அந்தோனியோ அகுஸ்தீன் குழுவையே குறை சொல்ல, ப்ரூஸ் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். கடைசியில் அந்த ஒப்புதல் எங்கும் செல்லுபடியாகாமல் கிடப்பில் போனது. ஒரே திருச்சபை, அதன் பொதுச்சங்கத்துக் குழு நல்ல நூல் என்கிறது, அதன் விசாரணை மன்றம் அதே நூலுக்காக ஆளைப் பூட்டி வைத்திருக்கிறது.

1565-இல் நான்காம் பயஸ் ஒரு தூதுக்குழுவையே ஸ்பெயினுக்கு அனுப்பினார். தலைவர் கர்தினால் உகோ பொன்கொம்பாஞ்ஞி. கூட வந்தவர்களில் பெலிச்சே பெரெத்தி, கஸ்தாஞ்ஞா ஆகியோர் உண்டு. இந்த மூவரும் பின்னாளில் திருத்தந்தையர் ஆனார்கள்: பதின்மூன்றாம் கிரகோரியார், ஐந்தாம் சிக்ஸ்துஸ், ஏழாம் உர்பான். அப்பேர்ப்பட்ட மூளைகள் வந்தும் வழக்கு ஓர் அங்குலம் நகரவில்லை. ஸ்பானிய விசாரணையாளர்களும் கூட உட்கார வேண்டும் என்று அரசர் தரப்பு அடம்பிடித்தது. அதற்குள் ரோமில் நான்காம் பயஸ் இறக்க, பொன்கொம்பாஞ்ஞி ஊர் திரும்பினார்.

ரோமில் ஒன்பது ஆண்டுகள்

அடுத்து வந்த ஐந்தாம் பயஸ் வேறு ரகம். தானே முன்பு ரோமின் விசாரணை மன்றத்தை நடத்தியவர், தோமினிக்கன் துறவி, ஆளை அனுப்பாவிட்டால் சபைநீக்கம் என்று மிரட்டத் தயங்காதவர். பிலிப் இறங்கி வந்தார். வல்தேஸ் 1566-இல் தலைமைப் பதவியை இழந்தார். இரண்டு வருடத்தில் இறந்தும் போனார். 1566 டிசம்பர் 5 அன்று கர்ரான்சாவை வய்யடோலித்திலிருந்து கிளப்பினார்கள். 1567 ஏப்ரல் இறுதியில் கார்த்தஹேனா துறைமுகத்தில் கப்பல் ஏறினார். மே 28 அன்று ரோம், சாந்த் ஆஞ்செலோ கோட்டை.

அங்கே காவல் சற்றுத் தளர்ந்தது, அறைகள் பெரிதாயின. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட பெருந்தொகுதிகளாக ஊதிப்போயிருந்த ஆவணங்களை மொழிபெயர்த்து வாசிப்பதற்கே காலம் ஓடியது. ஐந்தாம் பயஸ் விடுதலை பக்கம் சாய்ந்திருந்தார் என்பது பரவலான கருத்து. தீர்ப்புச் சொல்லாமலேயே 1572 மே 1 அன்று இறந்தார். அப்புறம் வந்தவர் பதின்மூன்றாம் கிரகோரியார், அதாவது நம் பழைய தூதர் பொன்கொம்பாஞ்ஞி. வழக்கை அவரளவு நேரில் அறிந்த திருத்தந்தை வேறு யாருமில்லை.

இந்தக் கட்டத்தில் ஸ்பெயின் ஒரு துருப்புச்சீட்டை இறக்கியது. கிரனாதா பேராயர் பெத்ரோ குவெர்ரேரோ போன்ற பெரிய ஆயர்கள் முன்பு இதே நூலைப் படித்து நல்ல நூல் என்று சான்று கொடுத்தவர்கள். கர்ரான்சாவின் தரப்புக்குப் பெரிய பலமே அந்தச் சான்றுகள்தான். 1574-இல் அவர்களை மறுபடி ஆராயச் சொன்னார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நல்லதாகத் தெரிந்த அதே வரிகளில் இப்போது அவர்களுக்குத் தப்பறை தெரிந்தது. அரசர் விரும்புவது எது என்று அதற்குள் எல்லோருக்கும் புரிந்திருந்தது. இந்த வழக்கின் மிக அசிங்கமான பக்கம் இது என்று சொல்வேன். கானோ பகையோடு எழுதினார் என்றாலும் தான் நம்பியதைத்தான் எழுதினார்.

1576 ஏப்ரல் 14. தீர்ப்பு. 'தப்பறை கொண்டவர்' என்று சொல்லவில்லை. 'குற்றமற்றவர்' என்றும் சொல்லவில்லை. தப்பறை பற்றிக் கடும் சந்தேகத்துக்குரியவர் என்பது தீர்ப்பு. பதினாறு கூற்றுகளை அவர் வாயால் மறுத்துச் சத்தியம் செய்ய வேண்டும். நூலுக்குத் தடை. ஐந்து ஆண்டுகளுக்கு டொலேடோ நிர்வாகத்திலிருந்து விலக்கு. அந்தக் காலத்தை ஓர்வியேத்தோவில் உள்ள தோமினிக்கன் மடத்தில் கழிக்க வேண்டும். ரோமின் ஏழு பேராலயங்களுக்குத் திருப்பயணம் போக வேண்டும்.

இரண்டு தரப்பும் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்படி தைத்த சட்டை இது. கண்டித்தாயிற்று என்பதால் மன்றத்தின் மானம் பிழைத்தது. தீர்ப்புச் சொன்னது தான் என்பதால் ரோமின் உரிமையும் நிலைத்தது. இத்தனை ஆண்டுகளும் முடக்கிவைக்கப்பட்டிருந்த டொலேடோவின் வருமானத்தை அரசர் நியமித்த நிர்வாகிதான் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கு நீண்டதில் அரண்மனைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கர்ரான்சா மண்டியிட்டுக் கேட்டார், சத்தியம் செய்தார். ஏப்ரல் 23 அன்று ஏழு பேராலயங்களுக்கும் போனார். யோவான் லாத்தரன் பேராலயத்தில் பூசை வைத்தார். அன்றே உடம்பு முடியாமல் போனது; சிறுநீர் இறங்கவில்லை. மினெர்வா தோமினிக்கன் மடத்தில் படுத்தவர் எழவில்லை. ஓர்வியேத்தோவுக்குப் போகவேயில்லை. தண்டனைகள் அத்தனையிலிருந்தும் திருத்தந்தை அவரை விடுவித்தார். ஏப்ரல் 30 அன்று கடைசி நற்கருணை வாங்குவதற்கு முன், சுற்றி நின்றவர்கள் கேட்க, தன் மேல் சாட்டப்பட்ட தப்பறைகளில் ஒன்றைக்கூடத் தான் ஒருபோதும் நம்பியதில்லை என்று கர்ரான்சா சொன்னார். தீர்ப்பைக் குறை சொல்லவில்லை, ஏற்றுக்கொள்வதாகவே சொன்னார். மே 2 அதிகாலையில் இறந்தார்.

அவர் கல்லறைக்குத் திருத்தந்தை கிரகோரியாரே கல்வெட்டு வைத்தார். குலத்தாலும் வாழ்வாலும் கல்வியாலும் பிரசங்கத்தாலும் தர்மத்தாலும் சிறந்தவர் என்று அது சொல்கிறது. கடும் சந்தேகத்துக்குரியவர் என்று தீர்ப்புச் சொல்லி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தீர்ப்பு அரசருக்காக எழுதப்பட்டது, கல்வெட்டு மனசாட்சிக்காக எழுதப்பட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

டொலேடோ நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் கஸ்பார் தெ கிரோகா. அப்போது மத விசாரணை மன்றத்தின் தலைவரும் அவரே. தடை செய்யப்பட்ட விளக்கவுரை என்ன ஆயிற்று? திரிதெந்து சங்கத்தின் முடிவுப்படி 1566-இல் ரோம் வெளியிட்ட அதிகாரப்பூர்வ ஞானோபதேசத்தில் அந்த நூலின் தடம் பல இடங்களில் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எழுதியவர் பூட்டிய அறைக்குள் இருந்தபோது அவர் எழுத்து பெயரில்லாமல் பங்குதோறும் போய்க்கொண்டிருந்தது.

வழக்கின் ஆவணங்கள் மாட்ரிட்டில் உள்ள அரச வரலாற்றுக் கழகத்துக்கு வந்துசேர்ந்தன. ஹோசே இக்னாசியோ தெல்லெச்சேயா என்ற குரு இருபதாம் நூற்றாண்டில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றைப் படித்துப் பதிப்பிப்பதிலேயே செலவிட்டார். 1993-இல் கர்ரான்சாவின் எலும்புகளை ரோமிலிருந்து எடுத்து டொலேடோ பேராலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1559-இல் தன் பங்குகளைப் பார்த்துவரக் கிளம்பிய பேராயர் ஊர் திரும்ப 434 ஆண்டுகள் ஆயின.